களக்காட்டு வாழையும் காற்றுச் சேதமும்: ஒரு வரலாற்றுப் பார்வை

களக்காடு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள ஊர். சத்தியவாகீசுவரர் கோயிலாலும், 1988-இல் உருவான களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகத்தாலும் வெளியூர் மக்கள் இதனை அறிவர். வேளாண் சந்தையில் இவ்வூரின் பெயர் வாழையோடு சேர்ந்தே வழங்குகிறது. களக்காடு, மாவடி, திருக்குறுங்குடி, ஏர்வாடி, பத்மநேரி எனப் பரந்துள்ள தோட்டங்களில் விளையும் ஏத்தன் வாழைத்தார்கள் மலையைக் கடந்து கேரளத்துக்குச் செல்கின்றன. அங்கு அது நேந்திரன் என்று அழைக்கப்படுகிறது.

இவ்வட்டார விவசாயிக்குத் தண்ணீர்ப் பஞ்சம், விலை வீழ்ச்சி ஆகியவற்றுக்கு அடுத்த பெரும் அச்சம் காற்று. ஓராண்டு உழைப்பைப் பத்து நிமிடக் காற்று தரையில் கிடத்திவிடும். அந்தக் காற்றுகளில் மிகச் சிலவே புயல் என்ற பெயர் பெற்று ஏடுகளில் இடம்பிடிக்கின்றன. மற்றவை அடுத்த நாள் நாளிதழில் "சூறைக்காற்றில் வாழைகள் சாய்ந்தன" என்ற ஒரு சிறு செய்தியோடு முடிந்துவிடுகின்றன. இக்காற்றுகளின் வகைகளையும், அவை விளைவித்த சேதங்களையும், பிற நாடுகள் இத்தகைய காற்றுகளைப் பதிவுசெய்யக் கற்றுக்கொண்ட வரலாற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

காற்றுக்குத் தமிழில் உள்ள பெயர்கள்

தமிழர் காற்றைத் திசை பார்த்துப் பெயரிட்டனர். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. கடற்கரை மக்கள் மேல்திசைக் காற்றைக் கச்சான் என்றும் கூறுவர். பெரும் வேகத்தோடு அள்ளிச் செல்லும் காற்று சூறை எனப்பட்டது.

இன்றைய வழக்கில் சூறாவளி என்ற ஒரே சொல் மூன்று வேறு நிகழ்வுகளைக் குறிக்கப் பயன்படுவதால் குழப்பம் ஏற்படுகிறது. அம்மூன்றும் பின்வருமாறு:

1. புயல்: கடலில் உருவாகும் பெரிய காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். பல நூறு கி.மீ. அகலமுடையது, பல நாட்கள் நீடிப்பது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டில், காற்றின் வேகம் மணிக்கு 62 கி.மீ. ஆனால்தான் அது புயல் என்ற பெயரைப் பெறும். 89 கி.மீ. ஆனால் தீவிரப் புயல், 118 கி.மீ. ஆனால் மிகத் தீவிரப் புயல்.

2. இடிமழைச் சூறை: கோடை மழை மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று கீழ்நோக்கிப் பாய்ந்து, தரையில் மோதி, நாற்புறமும் நேர்க்கோட்டில் சிதறி வீசுவது. சில கி.மீ. பரப்பிலேயே அடங்கும். பத்து இருபது நிமிடங்களில் ஓய்ந்துவிடும்.

3. டொர்னேடோ எனப்படும் சுழற்காற்று: இடிமேகத்தின் அடியிலிருந்து தரையைத் தொடும் சுழலும் காற்றுத் தூண். பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலமே இருக்கும். ஆயினும் மூன்றிலும் மிகக் கடுமையான வேகம் இதற்கே உண்டு.

ஆங்கிலத்தில் புயலைக் குறிக்கும் சைக்ளோன் என்ற சொல்லே இந்தியாவில் பிறந்ததுதான். கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்பவர், பாம்பின் சுருளை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதனை அமைத்து, 1848-இல் மாலுமிகளுக்காக எழுதிய நூலில் வழங்கினார்.

மலையும் காற்றும்

களக்காட்டின் காற்றை நிர்ணயிப்பது மேற்கே நிற்கும் மலை. தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து வந்து மலையில் மோதுகிறது. மழையின் பெரும்பகுதியை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, வறண்ட வேகக் காற்றாகக் கிழக்கே இறங்குகிறது. தெற்கே மலைத்தொடர் முடியும் இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயும், வடக்கே செங்கோட்டைக் கணவாயும் இக்காற்றுக்கு வாசல்களாக உள்ளன. குறுகிய வாசல் வழியே நுழையும் காற்று வேகம் கூடுகிறது. முப்பந்தல், பணகுடி, இராதாபுரம் பகுதிகளில் காற்றாலைகள் நிறைந்திருப்பதற்குக் காரணம் இதுவே. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழி இப்பகுதியில் மிகையாகத் தோன்றுவதில்லை. ஒரே காற்று காற்றாலைக்கு வருமானமாகவும் வாழைக்குச் சேதமாகவும் அமைகிறது.

சித்திரை, வைகாசி மாதங்களில் நிலை வேறு. பகல் முழுவதும் காய்ந்த நிலமும் மலையும் சூடேறி, கடற்காற்று கொண்டுவரும் ஈரத்தோடு சேர்ந்து, பிற்பகலில் இடிமேகங்கள் எழுகின்றன. கோடை மழைக்கு முன்னால் வீசும் சூறை அப்போதுதான் வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமும் வங்கக்கடல் புயல்களும் வருகின்றன. ஆக, ஆண்டில் சில மாதங்கள் நீங்கலாக, ஏதேனும் ஒரு காற்றின் அபாயம் இவ்வட்டாரத்தில் இருந்துகொண்டே இருக்கிறது.

இம்மலைத்தொடரில் வானிலையை ஆராயும் முயற்சி பழமையானது. திருவனந்தபுரம் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்த ஸ்காட்லாந்து அறிவியலாளர் ஜான் ஆலன் புரோன், 1855-இல் அகத்தியமலை உச்சியில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். புவிக்காந்தத்தை அளப்பதே அதன் முதன்மை நோக்கம். வானிலைக் குறிப்புகளும் அங்கு எடுக்கப்பட்டன.

வாழை ஏன் சாய்கிறது?

வாழையை மரம் என்று அழைத்தாலும் அதில் மரத்தண்டு இல்லை. கண்ணுக்குத் தெரியும் தண்டு, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய இலை உறைகளால் ஆனது. அதன் எடையில் பெரும்பகுதி நீர். வேர்கள் ஆழமாகச் செல்வதில்லை. தலையில் அகன்ற இலைகள் பாய்மரம் போலக் காற்றைப் பிடிக்கின்றன. தார் தள்ளிய பிறகு பல கிலோ எடை ஒரே பக்கமாகத் தொங்குகிறது.

காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிப் பெருக்கமாகக் கூடும். மணிக்கு 30 கி.மீ. காற்று 60 கி.மீ. ஆகும்போது அழுத்தம் இரண்டு மடங்கு அன்று, நான்கு மடங்கு ஆகிறது. ஏறத்தாழ 60 கி.மீ. வேகத்தில் தார் தாங்கிய வாழைகள் முறியத் தொடங்கும், 100 கி.மீ.-ஐ நெருங்கினால் தோட்டமே தரையாகிவிடும். அதாவது, வானிலைத் துறை புயல் என்று பெயரிடும் எல்லையை எட்டும் முன்பே வாழை விவசாயிக்கு இழப்பு தொடங்கிவிடுகிறது.

ஏத்தன் பயிர் நட்டுப் பத்து, பதினொரு மாதங்களில் அறுவடைக்கு வரும். ஓணச் சந்தையை எதிர்நோக்கி வளர்க்கப்படும் வாழையில், தார் முற்றி எடை ஏறும் காலமும் மேல்காற்று வலுக்கும் காலமும் ஒன்றாகவே அமைகின்றன. முற்றாத தார் சாய்ந்தால் அதற்குச் சந்தையில் விலையில்லை. உரம், கூலி, கன்று, முட்டுக்கம்பு, குத்தகைப் பணம் ஆகிய அனைத்தையும் செலவழித்து முடித்த பிறகு வரும் இழப்பு அது.

தென்முனையைத் தாக்கிய புயல்கள்

வங்கக்கடலில் உருவாகும் புயல்களில் பெரும்பாலானவை வடதமிழகம், ஆந்திரம், ஒடிசா, வங்கம் ஆகிய கரைகளுக்கே செல்கின்றன. நிலநடுக்கோட்டுக்கு அருகில் புவிச் சுழற்சியின் விலக்கு விசை குறைவு. ஆகவே தென்முனையை ஒட்டிப் புயல் வலுப்பெறுவது அரிது. அரிது என்பதாலேயே வரும்போது பாதிப்பு கூடுதலாக இருந்துள்ளது.

1964 டிசம்பர் 22, 23 இரவில் வீசிய புயல் இலங்கையின் வவுனியாப் பகுதியைக் கடந்து பாக் நீரிணையில் நுழைந்து தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்த பயணிகள் இரயில் அலையில் மூழ்கி, அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மொத்த உயிரிழப்பு சுமார் 1,800 எனக் கணக்கிடப்பட்டது. 1914 முதல் இயங்கிவந்த பாம்பன் இரயில் பாலம் பெரும் சேதமடைந்தது. பின்னாளில் டெல்லி மெட்ரோவை உருவாக்கிய இ.ஸ்ரீதரன் தலைமையில் அது 46 நாட்களில் சீரமைக்கப்பட்டது. தனுஷ்கோடி நகரம் மீண்டும் எழவில்லை.

1978 நவம்பர் 23, 24 தேதிகளில் இலங்கையின் கிழக்குக் கரையைத் தாக்கிய புயல் மட்டக்களப்பைச் சிதைத்தது. 900-க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர்.

களக்காடு வட்டாரத்துக்கு மிக அருகில் வந்தது 2017-இன் ஒக்கி புயல். நவம்பர் 29-இல் இலங்கைக்கு அருகே தாழ்வு மண்டலமாக இருந்த அது, 30-ஆம் தேதி காலையில் கன்னியாகுமரிக்குத் தெற்கே புயலாக மாறியது. ஒரே நாளில் நிகழ்ந்த இவ்வேக வளர்ச்சியால் ஆழ்கடலில் இருந்த மீனவர்களுக்கு உரிய காலத்தில் எச்சரிக்கை சென்று சேரவில்லை. தமிழகம், கேரளம் இரண்டிலுமாக நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தனர் அல்லது திரும்பி வரவில்லை. கரையில் கன்னியாகுமரி மாவட்டத்தின் இரப்பர், வாழை, தென்னைத் தோட்டங்கள் சாய்ந்தன. மின்கம்பங்கள் ஒடிந்து ஊர்கள் இருளில் மூழ்கின. பொதிகை மலைச் சரிவில் பாபநாசம், மணிமுத்தாறு பகுதிகளில் பெருமழை கொட்டியது. அரபிக்கடலில் மணிக்கு சுமார் 150 கி.மீ. வேகம் வரை வலுத்த புயல், டிசம்பர் 5 இரவில் தெற்குக் குஜராத் கரையருகே வலுவிழந்தது.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா புயல் காவிரிப் படுகையின் தென்னைகளை இலட்சக்கணக்கில் வீழ்த்தியது. மீண்டும் காய்ப்புக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும் மரப்பயிர்களுக்குக் காற்றுச் சேதம் எவ்வளவு நீண்டது என்பதை அப்புயல் உணர்த்தியது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களை வெள்ளத்தில் ஆழ்த்தியதோ புயலே அன்று. வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி ஒன்றே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழையைக் கொட்டியது. பெயரில்லாத நிகழ்வும் பெயருள்ள புயலைவிட அதிகச் சேதம் செய்யும் என்பதற்கு இது சான்று.

ஐரோப்பா சுழற்காற்றைக் கண்டறிந்த விதம்

டொர்னேடோ என்றாலே அமெரிக்கா நினைவுக்கு வரும். அங்கு ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டவை பதிவாகின்றன. ஐரோப்பாவிலும் ஆண்டுதோறும் சில நூறு நிகழ்கின்றன என்பது பலருக்கு வியப்பளிக்கும். ஐரோப்பியர்களே நெடுங்காலம் அதனை உணரவில்லை. ஒவ்வோர் ஊரும் தன் சேதத்தைத் தனி விபத்தாகவே கருதியது.

1091-இல் இலண்டனில் வீசிய சுழற்காற்று மரத்தாலான பாலத்தையும் தேவாலயக் கூரையையும் தகர்த்ததாகப் பழங்குறிப்புகள் கூறுகின்றன. 1845 ஆகஸ்ட் 19-இல் பிரான்சின் மோன்வில் பள்ளத்தாக்கில் நூற்பாலைகள் நொடியில் இடிந்து, உள்ளே வேலை செய்த தொழிலாளர் பலர் இறந்தனர். 1970 செப்டம்பர் 11-இல் வெனிசில் ஒரு பயணிகள் படகு கவிழ்ந்தது உட்பட 36 பேர் மாண்டனர். 1984 ஜூன் 9-இல் ரஷ்யாவின் இவானவா பகுதி சிதைந்தது. 2021 ஜூன் 24-இல் செக் குடியரசின் தெற்கு மொராவியாவில் 25 கி.மீ.-க்கும் நீண்ட பாதையில் சுழன்ற காற்று ஊர்களை நொறுக்கியது. ஆறு பேர் இறந்தனர்.

இவை தொடர்புடைய ஒரே வகை நிகழ்வுகள் என்பதை நிறுவியது ஆவணத் தொகுப்புதான். கண்டப் பெயர்ச்சிக் கொள்கையால் புகழ்பெற்ற ஆல்ஃபிரட் வெகனர், 1917-இல் ஐரோப்பிய சுழற்காற்றுகள் பற்றி ஒரு நூல் எழுதினார். பழைய குறிப்புகளிலிருந்து இருநூற்றுக்கும் அதிகமான நிகழ்வுகளை அவர் திரட்டினார். 1974-இல் பிரிட்டனில் டாரோ என்னும் ஆய்வு அமைப்பு தொடங்கப்பட்டது. ஊர்தோறும் உள்ள தன்னார்வலர்களின் தகவல்களே அதன் அடித்தளம். 2006-இல் உருவான ஐரோப்பியக் கடும்புயல் ஆய்வகம் கண்டம் முழுவதற்கும் பொதுவான தரவுத்தளத்தை நடத்துகிறது. கருவிகள் கூடியதும், மக்கள் கண்டதை எழுதிவைத்ததும் சேர்ந்தே அங்கு எண்ணிக்கை கூடியது.

இந்தியத் துணைக்கண்டமும் சுழற்காற்றுக்குப் புதிதன்று. 1838 ஏப்ரல் 8-இல் கல்கத்தா அருகே வீசியது 200-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 1978 மார்ச் 17-இல் டெல்லியின் வடபகுதியைச் சில நிமிடங்களில் கடந்த சுழற்காற்று 28 உயிர்களைப் பறித்தது. 1989 ஏப்ரல் 26-இல் வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் சுமார் 1,300 பேர் இறந்தனர். உலக வரலாற்றில் ஒரே டொர்னேடோவால் நேர்ந்த மிகப்பெரிய உயிரிழப்பாக அது கருதப்படுகிறது.

சாய்ந்த மரங்கள் சொல்லும் சாட்சி

கருவி இல்லாத இடத்தில் வீசிய காற்றை எப்படி அறிவது? இக்கேள்விக்கு விடை தந்தவர் ஜப்பானில் பிறந்த டெட்சுயா ஃபூஜிட்டா. 1945-இல் அணுகுண்டு வீசப்பட்ட நாகசாகி, ஹிரோஷிமா நகரங்களை நேரில் ஆராய்ந்தபோது, வெடிப்பு மையத்திலிருந்து மரங்கள் விண்மீன் கதிர்போல் நாற்புறமும் வெளிநோக்கிச் சாய்ந்திருந்ததை அவர் கண்டார். பின்னர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, சேதத்தைக் கொண்டு சுழற்காற்றின் வலிமையை மதிப்பிடும் அளவுகோலை 1971-இல் வெளியிட்டார்.

1975 ஜூன் 24-இல் நியூயார்க்கில் தரையிறங்கிய விமானம் ஒன்று விபத்துக்குள்ளாகி 113 பேர் இறந்தனர். மேகத்திலிருந்து கீழ்நோக்கிப் பாய்ந்த காற்றே காரணம் என்று ஃபூஜிட்டா விளக்கினார். அத்தகைய காற்று உண்டு என்பதை வல்லுநர் பலர் முதலில் ஏற்கவில்லை. ஆய்வுகள் அதனை மெய்ப்பித்த பின் விமான நிலையங்களின் பாதுகாப்பு முறைகளே மாறின.

அவர் காட்டிய வழியில் ஒரு வாழைத் தோட்டத்தையும் படிக்கலாம். வாழைகள் ஒரு புள்ளியிலிருந்து விசிறிபோல் விரிந்து சாய்ந்திருந்தால் இடிமழைச் சூறை. குறுகிய பாதையின் இருபுறமும் உள்நோக்கியோ எதிரெதிராகவோ விழுந்திருந்தால் சுழற்காற்று. பரந்த வட்டாரம் முழுவதும் ஏறத்தாழ ஒரே திசையில் சாய்ந்திருந்தால் பருவக்காற்று அல்லது புயல். மேல்காற்று வீழ்த்திய வாழை கிழக்கு நோக்கிக் கிடக்கும். தெற்கே கடலில் கடந்து செல்லும் புயலில் பொதுவாகக் காற்று வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு எனத் திரும்புவதால், வாழை மேற்குப் பக்கமாகச் சாயும்.

கணக்கில் வராத காற்று

இந்த வேறுபாடு விவசாயியின் இழப்பீட்டோடு நேரடித் தொடர்புடையது. பேரிடர் நிவாரண நிதிக்கான தேசிய விதிகளில் புயல், வறட்சி, வெள்ளம், ஆலங்கட்டி மழை, மேகவெடிப்பு முதலியன பட்டியலிடப்பட்டுள்ளன. தனியாக வீசும் பலத்த காற்று அப்பட்டியலில் இல்லை. மாநில அரசுகள் உள்ளூர்ப் பேரிடர்களை அறிவித்து, ஆண்டு நிதியில் 10 சதவீதம் வரை அவற்றுக்குச் செலவிடலாம். பயிரில் 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதம் இருந்தால்தான் இடுபொருள் நிவாரணம் கிடைக்கும்.

2016-இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் தோட்டப் பயிருக்கு விவசாயி செலுத்தும் பங்கு, காப்பீட்டுத் தொகையில் 5 சதவீதம். ஆனால் இழப்பு பெரும்பாலும் அறிவிக்கப்பட்ட பகுதி முழுவதற்குமான சராசரி விளைச்சலைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. பத்துத் தோட்டங்கள் தரைமட்டமாகி, மீதித் தோட்டங்கள் தப்பியிருந்தால் சராசரி பெரிதாகக் குறையாது. இழந்தவர் மட்டும் தனித்து நிற்பார்.

இடிமழைச் சூறையின் கடுமையான வகை 4 கி.மீ.-க்கும் குறைந்த அகலத்தில் அடங்கிவிடும். வட்டாரத்துக்கு ஒரு தானியங்கி வானிலை நிலையம் இருந்தாலும் காற்று அதனைத் தொடாமலே சென்றுவிடலாம். சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள பாளையங்கோட்டையில் இலை அசையாத நேரத்தில் களக்காட்டில் தோட்டம் சாய்ந்திருக்கலாம். அளவு இல்லாத காற்று, ஏட்டளவில் வீசாத காற்றாகிவிடுகிறது. குத்தகை நிலத்தில் வாய்மொழி ஒப்பந்தத்தில் பயிரிடுவோர் நிலை இன்னும் கடினம். அடங்கலில் தம் பெயர் இல்லாதபோது, சேதம் தமது என்பதையும் அவர்கள் நிரூபிக்க வேண்டியுள்ளது.

தடுப்பும் பதிவும்

காற்றை நிறுத்த இயலாது. சேதத்தைக் குறைக்க இயலும். சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுப்பது, தாரைக் கயிற்றால் கட்டி நிறுத்துவது, கன்றின் அடியில் மண் அணைப்பது ஆகியவை பழக்கத்தில் உள்ள முறைகள். தோட்டத்தின் மேற்கு ஓரத்தில் சவுக்கு, அகத்தி, மூங்கில் போன்றவற்றை நெருக்கமாக வளர்த்தால், அவ்வேலியின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகம் தணியும். கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்க நிறுவனம் காற்றுத் தடுப்புக்கென்றே சவுக்கு ரகங்களை உருவாக்கியுள்ளது. 1993-இல் தொடங்கப்பட்ட திருச்சிராப்பள்ளி தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் சாகுபடி வழிகாட்டுதல்களை வழங்குகிறது. முட்டுக்கம்பின் செலவும், வேலிக்காக விடவேண்டிய நிலமும் சிறு விவசாயிக்குச் சுமை என்பதால், இவை எல்லாத் தோட்டங்களிலும் இடம்பெறுவதில்லை.

செலவில்லாத வழி ஒன்று உண்டு. அது பதிவு செய்வது. காற்று வீசிய நாள், தொடங்கிய நேரம், நீடித்த நிமிடங்கள், வந்த திசை, வாழைகள் சாய்ந்து கிடக்கும் திசை, சேதப் பரப்பின் நீள அகலம், உடன் பெய்த மழை அல்லது ஆலங்கட்டி ஆகிய ஏழு செய்திகளை, தோட்டத்தைச் சுத்தம் செய்யும் முன் ஒளிப்படத்தோடு குறித்துவைத்தால் போதும். கைப்பேசி உள்ள எந்த மாணவரும் இதனைச் செய்யலாம். பிரிட்டனின் தன்னார்வலர்கள் செய்ததும் ஏறத்தாழ இதுவே.

பத்தாண்டுகள் இவ்வாறு குறிப்புகள் சேர்ந்தால், எந்த மாதம், எந்தக் கிராமம், எந்தத் திசை என்பது தெளிவாகும். நடவுக் காலத்தை முன்பின் மாற்றவும், வேலி எந்தப் பக்கம் வேண்டும் என்று முடிவு செய்யவும், நிவாரணம் கோரும்போது சான்றாகக் காட்டவும் அது உதவும். தனுஷ்கோடிக்கும் ஒக்கிக்கும் ஏடுகளில் இடம் இருக்கிறது. களக்காட்டுச் சிறு விவசாயியின் ஓராண்டு உழைப்பை அழித்த சித்திரை மாதத்துப் பத்து நிமிடக் காற்றுக்கும் அந்த இடம் கிடைக்க வேண்டும்.